பூஜ்ஜியம் முடிவுகள்: ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுவது எப்படி?

"தேடிப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "பெட்டியில் என்ன தட்டினீர்கள்?" என்பதுதான். பதில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "இரவில் நெடுநேரம் செல்போன் பார்ப்பது பள்ளி மாணவர்களின் தூக்கத்தை எப்படிப் பாதிக்கிறது?" முழு வாக்கியம், கேள்விக்குறி உட்பட. நூலகத்தின் தரவுத்தளம் 0 முடிவுகள் என்று காட்டியிருக்கும். உடனே, இந்தத் தலைப்பில் யாரும் ஆய்வே செய்யவில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். சிலர் அதை ஆய்வேட்டின் முன்னுரையில் பெருமையாக எழுதியும் வைப்பார்கள். உண்மையில் தூக்கத்தையும் செல்போனையும் சேர்த்துப் பேசும் கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நானும் இப்படித்தான் தொடங்கினேன். பொதுவான தேடுபொறிகள் நம்மை அப்படிப் பழக்கிவிட்டன. எழுத்துப்பிழையோடு கேட்டாலும், பாதிக் கேள்வி கேட்டாலும், நம் மனதில் இருப்பதை ஊகித்து எதையாவது கொண்டுவந்து கொட்டும். அந்தப் பழக்கத்தோடு நூலகத் தளத்துக்குள் போகும்போதுதான் சறுக்குகிறது. அந்தத் தளம் உங்கள் கேள்வியைப் படிப்பதில்லை. நீங்கள் கொடுத்த சொற்கள் தன்னிடம் உள்ள பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்க்கிறது, அவ்வளவுதான். இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

ஒரு முன்குறிப்பு. இந்தத் தளங்களில் உள்ள கட்டுரைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருப்பதால் தேடுசொல்லையும் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டியிருக்கும். விளக்கத்துக்காக இங்கே தமிழ்ச் சொற்களையே எடுத்துக்கொள்கிறேன். இயங்கும் விதம் ஒன்றுதான்.

பெட்டிக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

ஒரு தடித்த புத்தகத்தில் ஒரு விஷயத்தைத் தேடுகிறீர்கள். முதல் பக்கத்திலிருந்து புரட்ட மாட்டீர்கள். பின்பக்கம் போய்ச் சொல்லடைவைப் பார்ப்பீர்கள். "இறப்பு: 14, 88, 203" என்று இருக்கும். நேராக அந்தப் பக்கங்களுக்குப் போவீர்கள். நீங்கள் "மரணம்" என்று தேடியிருந்தால்? அந்தச் சொல் அடைவில் இல்லை. புத்தகம் முழுக்க மரணத்தைப் பற்றிப் பேசினாலும் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

தரவுத்தளமும் இதேதான், அளவு மட்டும் பெரியது. தரவுத்தளம் என்றால் ஒழுங்குபடுத்தி வைத்த பதிவுகளின் தொகுப்பு. பதிவு என்பது ஒரு கட்டுரையின் அடையாள அட்டை: தலைப்பு, எழுதியவர்கள், இதழின் பெயர், ஆண்டு, ஆய்வுச்சுருக்கம், சில தலைப்புச் சொற்கள். ஆய்வுச்சுருக்கம் என்பது கட்டுரையின் தொடக்கத்தில் ஒரு பத்தியில் வரும் சாரம்.

கவனியுங்கள், பல தளங்களில் நீங்கள் தேடுவது கட்டுரையை அல்ல, இந்த அட்டையை. மருத்துவத்துக்கான பப்மெட் அப்படிப்பட்டது. கட்டுரையின் பதினோராம் பக்கத்தில் மட்டும் வரும் ஒரு சொல்லைப் போட்டால் அதில் சிக்காது. ஜேஸ்டோர் போன்ற தளங்கள் முழுக் கட்டுரையின் ஒவ்வொரு சொல்லையும் தேடும். அங்கே சிக்கல் வேறு மாதிரி: எங்கோ ஓர் அடிக்குறிப்பில் உங்கள் சொல் தலைகாட்டினாலும் அந்தக் கட்டுரை முடிவுகளில் வந்து நிற்கும். ஒரு தளத்தில் 40 முடிவும் இன்னொன்றில் 40,000 முடிவும் வந்தால் பயப்பட வேண்டாம். எதைத் தேடுகிறது என்பதில்தான் வேறுபாடு.

ஐந்து கட்டுரைகள், ஒரு சொல்லடைவு

உள்ளே நடப்பதைக் கையால் செய்து பார்த்தால் நன்றாகப் புரியும். ஒரு தாளை எடுங்கள். உலகத்தில் மொத்தமே ஐந்து கட்டுரைகள்தான் என்று வைத்துக்கொள்வோம். அவற்றின் பதிவுகளில் உள்ள சொற்கள் இவை:

கட்டுரை 1: தூக்கம், செல்போன்
கட்டுரை 2: மாணவர், தேர்வு
கட்டுரை 3: தூக்கம், மாணவர், செல்போன்
கட்டுரை 4: தூக்கம், முதியோர்
கட்டுரை 5: உறக்கம், மாணவர், செல்போன்

கணினி இதை அப்படியே வைத்துக்கொள்ளாது. தலைகீழாகத் திருப்பி எழுதிக்கொள்ளும். எந்தக் கட்டுரையில் என்ன சொல் என்பது போய், எந்தச் சொல் எந்தெந்தக் கட்டுரையில் என்று ஆகிவிடும்:

தூக்கம்: 1, 3, 4
உறக்கம்: 5
மாணவர்: 2, 3, 5
செல்போன்: 1, 3, 5

இதற்குப் பெயர் தலைகீழ் அடைவு. கோடிக்கணக்கான பதிவுகளிலிருந்து ஒரு நொடியில் விடை வருவதன் ரகசியம் இதுதான். நீங்கள் தேடு பொத்தானை அழுத்தும்போது கணினி எந்தக் கட்டுரையையும் திறப்பதில்லை. முன்பே எழுதி வைத்த எண் பட்டியல்களை ஒன்றோடொன்று ஒப்பிடுகிறது.

இப்போது மூன்று சொற்களும் சேர்ந்து வரும் கட்டுரை வேண்டும் என்று கேளுங்கள். தூக்கத்தின் பட்டியலில் 1, 3, 4. மாணவரின் பட்டியலில் 2, 3, 5. இரண்டிலும் இருப்பது 3 மட்டும். செல்போன் பட்டியலிலும் 3 இருக்கிறது. ஆக, விடை ஒரே கட்டுரை.

ஐந்தாம் கட்டுரையைப் பாருங்கள். அதுவும் உங்களுக்கு வேண்டியதுதான். "உறக்கம்" என்று எழுதிவிட்ட ஒரே காரணத்துக்காக அது வெளியே நிற்கிறது. கணினிக்குத் தூக்கமும் உறக்கமும் வேறு வேறு எழுத்துக் கோவைகள். இரண்டும் ஒன்று என்று அதற்கு யாரும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

சுருக்கமாக இதுவரை: தளம் தேடுவது பதிவுகளின் சொல்லடைவை. அடைவில் இருக்கும் சொல்லும் நீங்கள் தரும் சொல்லும் பொருந்தினால்தான் கட்டுரை வெளியே வரும். முழு வாக்கியத்தைப் போட்டால், "எப்படி", "நெடுநேரம்", "பார்ப்பது" எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பதிவில் தேடச் சொல்கிறீர்கள். அதனால்தான் பூஜ்ஜியம்.

அண்ட், ஆர், நாட்: தமிழின் 'உம்' செய்யும் குழப்பம்

எண் பட்டியல்களை எப்படி ஒப்பிட வேண்டும் என்று கணினிக்குச் சொல்ல மூன்று ஆங்கிலச் சொற்கள் போதும்: அண்ட், ஆர், நாட். இவற்றுக்குப் பூலியன் இணைப்பிகள் என்று பெயர். ஜார்ஜ் பூல் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளரின் பெயர் அது. செருப்புத் தைப்பவரின் மகன், பெரும்பாலும் தானாகவே கணிதம் படித்தவர். தருக்கத்தைக் கணக்குப் போல எழுதலாம் என்று 1854-இல் வெளியான தன் நூலில் காட்டினார். 1864-இல் இறந்துவிட்டார். இன்றைய கணினி என்ற ஒன்று அவர் கனவில்கூட வந்திருக்காது.

அண்ட் போட்டால் இரண்டு பட்டியலிலும் இருப்பவை மட்டும் வரும். ஆர் போட்டால் ஏதாவது ஒன்றில் இருந்தாலும் வரும். நாட் போட்டால் அந்தச் சொல் உள்ளவை கழிந்துபோகும்.

படிக்க எளிது. பயன்படுத்தும்போதுதான் கால் இடறும், அதற்குக் காரணம் நம் பேச்சு வழக்கு. "சிறுவர்களைப் பற்றியும் சிறுமிகளைப் பற்றியும் ஆய்வுகள் வேண்டும்" என்கிறோம். இதில் 'உம்' வருகிறது, ஆகவே அண்ட் போட வேண்டும் என்று கை போகும். போட்டால், இரு சொல்லும் ஒரே பதிவில் உள்ள கட்டுரைகள் மட்டும் வரும். சிறுமிகளை மட்டும் ஆராய்ந்தவை காணாமல் போகும். நாம் உண்மையில் கேட்க நினைத்தது ஆர். பேச்சில் 'உம்' போட்டால் பட்டியல் நீளும். தரவுத்தளத்தில் அண்ட் போட்டால் பட்டியல் சுருங்கும். இந்த ஒன்றை மட்டும் ஒரு துண்டுத்தாளில் எழுதித் திரையோரம் ஒட்டிக்கொண்டாலும் பாதி வேலை முடிந்தது.

சரி, ஐந்தாம் கட்டுரையை இப்போது மீட்போம்:

(தூக்கம் ஆர் உறக்கம்) அண்ட் மாணவர் அண்ட் செல்போன்

அடைப்புக்குள் இருப்பது முதலில் கணக்காகும்: 1, 3, 4, 5. அதில் மாணவர் உள்ளவை 3, 5. அவற்றில் செல்போன் உள்ளவை 3, 5. இரண்டும் வந்துவிட்டன.

அடைப்புக்குறி எதற்கு, அது இல்லாமலும் வருமே என்று கேட்கலாம். தளத்தைப் பொறுத்தது. பப்மெட் இடமிருந்து வலமாகக் கணக்கிடும். வெப் ஆஃப் சயின்ஸ், ஆர்-ஐ விட அண்ட்-ஐ முதலில் எடுத்துக்கொள்ளும். ஸ்கோப்பஸ் அதற்கு நேர்மாறு, ஆர் முதலில். அடைப்புக்குறி இல்லாத அதே வரியை அண்ட்-ஐ முதலில் கணக்கிடும் தளத்தில் போட்டால், "தூக்கம் உள்ள எல்லாம், கூடவே உறக்கம், மாணவர், செல்போன் மூன்றும் உள்ளவை" என்று அர்த்தமாகி 1, 3, 4, 5 என நான்கும் வந்து நிற்கும். முதியோர் தூக்கம் இங்கே எதற்கு வந்தது என்று தலையைச் சொறிய வேண்டியதுதான். அடைப்புக்குறி போட்டுவிட்டால் எந்தத் தளத்திலும் ஒரே விடை.

அப்புறம், இணைப்பிகளை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் தட்டுங்கள். பப்மெட் உட்படச் சில தளங்கள் சிறிய எழுத்தில் இருந்தால் அதை இணைப்பியாகவே மதிக்காது.

நாட் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. "தூக்கம் நாட் முதியோர்" என்று போட்டால், மாணவர்களையும் முதியோரையும் ஒப்பிட்ட அருமையான கட்டுரையும் சேர்ந்து போய்விடும். போனது போனதுதான், உங்களுக்குத் தெரியவே தெரியாது. வேண்டாதவற்றைக் கண்ணால் பார்த்துத் தள்ளுவது பல நேரம் பாதுகாப்பானது.

ஒரே பொருள், பல பெயர்

தூக்கம், உறக்கம் என்ற உதாரணம் கொஞ்சம் செயற்கையாகத் தோன்றலாம். அசல் சம்பவம் ஒன்று சொல்கிறேன். டேவிட் பிளேர், எம்.இ. மரோன் என்ற இரு ஆய்வாளர்கள் 1985-இல் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு பெரிய வழக்குக்காகச் சுமார் 40,000 ஆவணங்கள், ஏறக்குறைய 3,50,000 பக்கங்கள் கணினியில் ஏற்றப்பட்டிருந்தன. வழக்கறிஞர்கள் தேடினார்கள். வழக்குக்குத் தேவையான ஆவணங்களில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் எடுத்துவிட்டோம் என்று திருப்தியோடு இருந்தார்கள். சோதித்துப் பார்த்தபோது கிடைத்திருந்தது சராசரியாகச் சுமார் 20 சதவீதம்.

வழக்கு ஒரு விபத்தைப் பற்றியது. ஆனால் ஆவணங்களை எழுதிய எல்லோரும் அதை "விபத்து" என்று எழுதவில்லை. சிலருக்கு அது "நிகழ்வு", சிலருக்குச் "சம்பவம்", "பிரச்சினை". அதில் பொறுப்பு இருந்த தரப்புக்கோ, "துரதிர்ஷ்டவசமான சூழ்நிலை". யார் எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்துச் சொல் மாறிக்கொண்டே போயிருக்கிறது. இதில் என்னை அசத்துவது அந்த 20 சதவீதம்கூட இல்லை, அந்தத் திருப்திதான். கிடைக்காதது கண்ணுக்குத் தெரியாது என்பதால், எவ்வளவு தவறவிட்டோம் என்பதும் தெரிவதில்லை.

ஆய்வுக் கட்டுரைகளிலும் இதே கதை. நாம் செல்போன் என்போம். ஒருவர் ஸ்மார்ட்ஃபோன் என்பார், இன்னொருவர் மொபைல் சாதனம், மற்றொருவர் மின்னணு ஊடகம், வேறொருவர் திரைநேரம். மாணவர் என்று நாம் சொல்லும் ஆளை உளவியல் கட்டுரை வளரிளம் பருவத்தினர் என்று எழுதும். எனவே பெட்டியில் தட்டுவதற்கு முன் ஒரு தாளில் கேள்வியைத் துண்டுபோடுங்கள். நம் கேள்வியில் இருப்பது மூன்றே கருத்துகள்: கருவி, ஆள், விளைவு. ஒவ்வொன்றுக்கும் கீழே தோன்றுகிற மாற்றுச் சொற்களை எல்லாம் எழுதுங்கள். ஒரே கருத்தின் சொற்களை ஆர் போட்டு ஓர் அடைப்புக்குள் போடுங்கள். அடைப்புகளை அண்ட் போட்டு இணையுங்கள். "பாதிப்பு", "தாக்கம்", "தொடர்பு" போன்ற சொற்களை விட்டுவிடுங்கள். எல்லா ஆய்வும் ஏதோ ஒன்றின் தாக்கத்தைத்தான் சொல்கிறது. அந்தச் சொல் கட்டுரையில் இருந்தாக வேண்டும் என்று அடம் பிடித்தால் நல்லவை நழுவும்.

எத்தனை மாற்றுச் சொற்களைத்தான் யோசிப்பது என்று சலிப்பு வரும். இதே சலிப்பு நூலகர்களுக்கு முன்பே வந்திருக்கிறது. அதற்கு அவர்கள் கண்ட வழி பொருள் தலைப்பு. எழுதியவர் எந்தச் சொல்லைப் போட்டிருந்தாலும், கட்டுரை எதைப் பற்றியது என்று பார்த்து, முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஒரே சொல்லைப் பதிவில் ஒட்டிவிடுவது. பப்மெட்டில் இதற்கு மெஷ் என்று பெயர். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1960-இல் முதன்முதலாக வெளியிட்ட பட்டியல் இது. இன்று 30,000-க்கும் அதிகமான தலைப்புகள் அதில் உண்டு. ஒருவர் ஹார்ட் அட்டாக் என்று எழுதினாலும் மாரடைப்புக்கான மருத்துவப் பெயரான மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்தான் பொருள் தலைப்பு. புற்றுநோய்க்கு நியோபிளாசம்ஸ். வளரிளம் பருவத்தினரைக் குறிக்கும் அடாலசென்ட் என்ற தலைப்புக்கு 13 முதல் 18 வயது என்று வரையறையே இருக்கிறது.

பொருள் தலைப்பைக் கண்டுபிடிக்கக் குறுக்குவழி ஒன்று உண்டு. உங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் ஒரு கட்டுரை கிடைத்ததும் அதன் பதிவைத் திறந்து, என்னென்ன தலைப்புகள் ஒட்டப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். அவற்றை எடுத்து உங்கள் தேடலில் ஆர் போட்டுச் சேருங்கள். அதற்காகச் சொந்தச் சொற்களைத் தூக்கிப்போட்டுவிட வேண்டாம். எல்லாப் பதிவுகளுக்கும் தலைப்பு ஒட்டப்பட்டிருக்காது. இரண்டும் சேர்ந்து இருப்பதே நல்லது.

இந்தப் பகுதியின் சாரம்: கேள்வியைக் கருத்துகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு கருத்துக்கும் மாற்றுச் சொற்களையும் பொருள் தலைப்பையும் ஆர் மூலம் சேருங்கள். கருத்துகளை அண்ட் மூலம் இணையுங்கள்.

மேற்கோள் குறியும் நட்சத்திரமும்

இரு சொற்கள் ஒட்டி வந்தால்தான் பொருள் என்றால் அவற்றை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். "ஸ்க்ரீன் டைம்" என்று குறிக்குள் போட்டால் அந்தத் தொடர் அப்படியே உள்ளவை வரும். குறி இல்லாவிட்டால் திரை ஒரு மூலையிலும் நேரம் ஒரு மூலையிலும் உள்ள கட்டுரைகள்கூட வரலாம்.

நட்சத்திரக் குறி சொல்லின் வாலை வெட்டுவதற்கு. தமிழில் பார்த்தால் இதன் அருமை தெரியும், ஏனென்றால் நம் மொழியில் வால்கள் அதிகம். "மாணவ*" என்று போட்டால் மாணவன், மாணவி, மாணவர், மாணவர்களுக்கு எல்லாம் ஒரே வீச்சில் வரும். எங்கே வெட்டுகிறோம் என்பதில்தான் சாமர்த்தியம். மரத்தைத் தேடுகிறேன் என்று "மர*" போட்டால் மரம் வரும், கூடவே மரபும் மரணமும் மரியாதையும் வரும். ஆங்கிலத்தில் கார் என்ற மூன்றெழுத்துக்குப் பின் நட்சத்திரம் போட்டவர்களுக்குக் கார்பனும் கார்ட்டூனும் வந்து சேரும். பப்மெட்டில் நட்சத்திரத்துக்கு முன் குறைந்தது நான்கு எழுத்துகள் இருக்க வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறார்கள். கூகுள் ஸ்காலரில் இந்த வெட்டு வேலை செய்யாது.

ஆங்கிலத்தில் தேடும்போது பிரிட்டன், அமெரிக்க எழுத்துமுறைகளையும் மறக்கக் கூடாது. நடத்தையைக் குறிக்கும் பிஹேவியர் என்ற சொல்லில் பிரிட்டனில் ஒரு 'யு' கூடுதல். அந்த ஓரெழுத்து, உங்களுக்கு வேண்டிய கட்டுரையை மறைத்துவிட முடியும்.

எந்தத் தளத்தில் தேடுவது?

"கூகுள் ஸ்காலர் இருக்கும்போது மற்றதெல்லாம் எதற்கு?" நியாயமான கேள்வி. 2004-இல் வந்த அந்தத் தளம் அகலமானது, இலவசமானது, ஒரு தலைப்பின் பெயர் தெரிந்தால் சட்டென்று கட்டுரையைக் கண்டுபிடிக்க அதைப் போல வேறில்லை. நானும் அங்கேதான் தொடங்குகிறேன். ஆனால் அங்கேயே முடிப்பதில்லை. பொருள் தலைப்பு வசதி அங்கே கிடையாது. ஒரு தேடலுக்கு எத்தனை லட்சம் முடிவு என்று காட்டினாலும் முதல் 1,000 மட்டுமே திறந்து பார்க்க முடியும். எந்தெந்த இதழ்களை உள்ளே வைத்திருக்கிறது என்ற முழுப் பட்டியலும் வெளியே கிடைக்காது.

துறைக்கென்று உள்ள தளங்கள் குறுகியவை, ஆனால் ஆழமானவை. மருத்துவம், உயிரியல் என்றால் பப்மெட். கல்வி என்றால் எரிக். மனிதவியல், சமூக அறிவியல் இதழ்களின் பழைய தொகுதிகளுக்கு 1995-இல் தொடங்கிய ஜேஸ்டோர். அதில் பல இதழ்களின் கடைசிச் சில ஆண்டுகள் மட்டும் இருக்காது. இயற்பியல், கணிதம், கணினியியலுக்கு 1991-இல் பால் ஜின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்கைவ். இது முன்அச்சுகளின் தளம். முன்அச்சு என்றால் சக மதிப்பாய்வுக்கு முன்பே எழுதியவர் வெளியிடும் வடிவம். சக மதிப்பாய்வு என்பது அதே துறையின் மற்ற ஆய்வாளர்கள் கட்டுரையைப் படித்துக் குறை நிறை சொன்ன பிறகே இதழ் அதை ஏற்கும் முறை.

நம் தூக்கக் கேள்விக்கு? பப்மெட்டும் வேண்டும், எரிக்கும் வேண்டும். ஒரே கேள்வியை மருத்துவர்கள் ஒரு பக்கமும் கல்வியாளர்கள் மறுபக்கமும் ஆராய்ந்திருப்பார்கள், ஒருவரை ஒருவர் படிக்காமலே.

வெள்ளமும் வறட்சியும்

தேடலின் தரத்தை அளக்க இரண்டு சொற்கள் போதும். உலகில் உள்ள பொருத்தமான கட்டுரைகளில் எவ்வளவு உங்கள் கைக்கு வந்தது என்பது மீட்பு. கைக்கு வந்தவற்றில் எவ்வளவு பொருத்தமானவை என்பது துல்லியம். ஒன்றை இழுத்தால் மற்றொன்று பெரும்பாலும் நழுவும். வலைக்கண்ணைப் பெரிதாக்கினால் குப்பை குறையும், மீனும் குறையும்.

எதற்காகத் தேடுகிறீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். நாளைய வகுப்புக் கட்டுரைக்கு நல்லதாக நான்கு போதும் என்றால் துல்லியத்தின் பக்கம் சாயலாம். முனைவர் பட்டத்துக்கான இலக்கிய மீளாய்வு, அதாவது தலைப்பில் இதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்ப்பது என்றால் மீட்புதான் முக்கியம், குப்பையைக் கிளறித்தான் ஆக வேண்டும்.

முடிவுகள் வெள்ளமாக வந்தால், உங்கள் முக்கியச் சொல்லைத் தலைப்பிலும் சுருக்கத்திலும் மட்டும் தேடச் சொல்லுங்கள். அதுவும் போதாவிட்டால் இன்னொரு கருத்தை அண்ட் போட்டுச் சேருங்கள். வறட்சி என்றால் ஒரு கருத்தைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மாற்றுச் சொற்களைக் கூட்டுங்கள். பக்கவாட்டில் உள்ள வடிகட்டிகளில் ஆண்டு, மொழி எல்லாம் நம்பத்தக்கவை. "சக மதிப்பாய்வு செய்யப்பட்டவை மட்டும்" என்ற வடிகட்டியைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். பல தளங்களில் அது இதழைத்தான் குறிக்கிறது, கட்டுரையை அல்ல. அந்த இதழில் வந்த தலையங்கமும் நூல் மதிப்புரையும் அந்த வடிகட்டியில் தாராளமாக நுழைந்து வரும்.

முதல் பக்கத்தில் வருவதுதான் சிறந்தது என்பதும் ஒரு தப்பெண்ணம். வரிசைப்படுத்தும் நிரல் சொல் எத்தனை முறை வருகிறது, எங்கே வருகிறது, அது எவ்வளவு அரிதான சொல் என்று கணக்குப் போடுகிறது. அரிதான சொல்லுக்கு அதிக எடை தர வேண்டும் என்ற யோசனையை 1972-இல் முன்வைத்தவர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ். எல்லாப் பதிவிலும் வரும் "மாணவர்" அதிகம் உதவாது, எப்போதாவது வரும் "மெலடோனின்" (தூக்கத்தோடு தொடர்புடைய ஹார்மோன்) நிறையச் சொல்லும். அருமையான யோசனை, இன்றும் தேடுபொறிகளுக்குள் வாழ்கிறது. ஆனால் கட்டுரையின் ஆய்வு நன்றாகச் செய்யப்பட்டதா என்பதை அந்தக் கணக்கு பார்ப்பதில்லை.

ஒன்று கிடைத்தால் ஒன்பது கிடைக்கும்

சொற்களை நம்பாமல் தேடும் வழி ஒன்றும் இருக்கிறது. நல்ல கட்டுரை ஒன்று கையில் இருந்தால் அதன் கடைசியில் உள்ள மேற்கோள் பட்டியலைப் பாருங்கள். அது அந்தக் கட்டுரையின் முன்னோர் வரிசை. இதில் போனால் பின்னோக்கித்தான் போக முடியும், எல்லாம் பழையவை. அதன் பிள்ளைகள், அதாவது பிற்காலத்தில் இதை மேற்கோள் காட்டியவர்கள் யார் என்று எப்படித் தெரியும்?

யூஜின் கார்ஃபீல்ட் 1955-இல் இதற்கொரு யோசனை சொன்னார்: எல்லாக் கட்டுரைகளின் மேற்கோள் பட்டியலையும் திரட்டித் தலைகீழாக்கிவிட்டால் போதும். மேலே சொல்லடைவுக்குச் செய்த அதே வேலை. 1964-இல் அறிவியல் மேற்கோள் அடைவு என்று அச்சில் வந்தது, இன்றைய வெப் ஆஃப் சயின்ஸ் அதன் வழித்தோன்றல். கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு முடிவுக்கும் கீழே, அதை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற இணைப்பு இருக்கும். அதைத் தட்டுங்கள். "உறக்கம்" என்று எழுதியவரும் "திரைநேரம்" என்று எழுதியவரும் அங்கே ஒரே பட்டியலில் நிற்பார்கள், ஏனென்றால் இருவரும் அதே மூலக் கட்டுரையைக் காட்டியிருப்பார்கள்.

முழுக் கட்டுரை வேண்டுமே

பதிவு கிடைத்துவிட்டது, தட்டினால் பணம் கேட்கிறது. உடனே வங்கி அட்டையை எடுக்காதீர்கள். நூலகக் கணக்கில் உள்நுழைந்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள், பாதி நேரம் அதுதான் சிக்கல். கூகுள் ஸ்காலரில் அதே கட்டுரையின் மற்ற வடிவங்களைக் காட்டும் இணைப்பில் எழுதியவரே ஏற்றிய இலவச வடிவம் இருக்கலாம். பப்மெட் வேறு, பப்மெட் சென்ட்ரல் வேறு. முன்னது பதிவுகள், பின்னது இலவச முழுக் கட்டுரைகள். உலாவியில் அன்பேவால் என்ற நீட்சியைச் சேர்த்தால் சட்டப்படி இலவசமாக உள்ள வடிவத்தை அது காட்டிக்கொடுக்கும். எதுவும் நடக்காவிட்டால் வேறு நூலகத்திலிருந்து தருவித்துத் தர உங்கள் நூலகரால் முடியும். எழுதியவருக்கே மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடலாம். பலர் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள், தங்கள் கட்டுரையைப் படிக்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதே அவர்களுக்குச் சந்தோஷம்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் 10 என்று தொடங்கும் டி.ஓ.ஐ. எண் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இதழின் இணைய முகவரி மாறினாலும் மாறாமல் கட்டுரையை அடையாளம் காட்டும் நிரந்தர எண் அது. செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் "ஐந்து ஆய்வுகள் சொல்" என்று கேட்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இல்லாத கட்டுரையை, இருக்கிற இதழின் பெயரோடு, நம்பும்படியாகச் சொல்லும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. மாற்றுச் சொற்களை யோசிக்க அவற்றை நானும் பயன்படுத்துகிறேன், நன்றாகவே உதவும். மேற்கோள் என்று வந்தால் எண்ணைத் தட்டித் திறந்து பார்த்த பிறகுதான் நம்புவேன்.

எங்கே நிறுத்துவது?

புதிய சொற்களைப் போட்டுப் பார்க்கிறீர்கள், வேறு தளத்தில் பார்க்கிறீர்கள், மேற்கோள்களின் பின்னால் போகிறீர்கள். ஆனாலும் ஏற்கெனவே பார்த்த முகங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. அதுதான் நிறுத்தும் இடம்.

எழுந்து போவதற்கு முன், தேதி, தளத்தின் பெயர், நீங்கள் தட்டிய தேடல் வரி அப்படியே, வந்த முடிவுகளின் எண்ணிக்கை, இந்த நான்கையும் ஒரு கோப்பில் ஒட்டிவையுங்கள். தளத்தில் கணக்கு இருந்தால் தேடலைச் சேமித்து, புதியது வந்தால் மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். நான் இதைச் செய்யாமல் விட்ட ஒரு முறை, மூன்று மாதம் கழித்து நெறியாளர் "இந்த 62 கட்டுரைகளை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேட்டார். என்ன தட்டினேன் என்று எனக்கே நினைவில்லை. முதலிலிருந்து தேடினேன், இந்த முறை வந்தது 71.